பாட்டியின் பாட்டும் ஏட்டின் காவலும்



சென்ற நவராத்திரியன்று கொலுவின் முன்னமர்ந்து என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, பாட்டி பாடுவார்களே, அந்த ஊஞ்சற்பாட்டின் இரண்டாம் அடி என்ன?" எனக்குத் தெரியவில்லை. என் தாயார் மறைந்து ஈராண்டு ஆகின்றது. முப்பது ஆண்டுகள் கேட்ட பாட்டில் முதலடி மட்டுமே என்னிடம் எஞ்சியிருந்தது. அலுவலகத்தில் ஒரு சரக்குச் சீட்டையும் தவறவிடாமல் பதிவேட்டில் ஏற்றும் நான், என் வீட்டுச் செல்வத்தை எங்கும் பதியாமல் விட்டுவிட்டேன்.

அந்த நாணத்தோடு இத்திங்கள் ஒரு பெரியாரை நினைவுகூர்கின்றேன். அவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் சூப்பரின்டெண்டாக விளங்கியவர், கிறிஸ்தவர், மேனாட்டு இசையையும் முறையாக அறிந்தவர். கோப்புகளிடையே வாழ்ந்த அவருக்கு ஒரு கவலை இருந்தது. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளும் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளும் பெரும்பாலும் சீடர்களின் நாவிலேயே வாழ்கின்றனவே, அந்த நா ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதே அக்கவலை.

ஆகவே பரம்பரை வித்துவான்களைப் பாடச் செய்து, அவர்கள் பாடியதை ஐரோப்பியரின் ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பில் எழுதலானார். இது எளிய பணியன்று. மேனாட்டுக் குறிப்பில் ஒவ்வொரு சுரமும் ஒரு புள்ளியாக நிற்கும். நம் இசையின் உயிரோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அசைந்தும் வழுக்கியும் செல்லும் கமகத்தில் இருக்கின்றது. அந்த அசைவையும் எழுத்தில் பிடிக்க வேண்டும். 1893ஆம் ஆண்டில் அவர் நூல் பகுதி பகுதியாக அச்சேறியது. அதற்குத் தம் கைப்பொருளையே செலவிட்டார், கண்பார்வையும் மங்கியது.

அவருக்குத் துணை நின்றவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் சுவீகார புத்திரர் அவர். குடும்பச் சொத்தாகிய கீர்த்தனைகளை அச்சில் வெளியிட முதலில் தயங்கினார். முதலியார் எட்டயபுரம் மன்னரிடமே சென்று வேண்டினார். மன்னரின் ஆணையும் பொருளுதவியும் கிட்டின. 1904ஆம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் எட்டயபுரத்தில் வெளிவந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட தீட்சிதர் கீர்த்தனைகள் கமகக் குறிகளோடு அதில் உள்ளன. இரண்டாண்டுகளில், 1906இல், சுப்பராம தீட்சிதர் காலமானார். சற்றே தாமதித்திருந்தால் எவ்வளவு இழந்திருப்போம்!

நாம் வாழும் இக்கல்கத்தாவிலும் இக்கவலை இருந்தது. 1871இல் சௌரீந்திர மோகன் தாகூர் இங்கே ஒரு சங்கீதப் பள்ளி நிறுவினார். அவருடைய ஆசான் க்ஷேத்ர மோகன் கோஸ்வாமி வங்க எழுத்துகளைக் கொண்டே சுரக்குறிப்பு முறை அமைத்தார்.

ஏட்டிலிருப்பதன் பயனை ஐரோப்பியர் வரலாற்றிலும் காணலாம். ஜெர்மானிய மேதை பாக் 1750இல் மறைந்தார். அவர் இயற்றிய 'மத்தேயு பாடுகள்' என்னும் பேரிசை மக்கள் நினைவிலிருந்து அகன்றது. 1829இல் பெர்லினில், இருபது வயது நிரம்பிய மெண்டல்சன் என்னும் பியானோக் கலைஞர், தாமே இயக்குநராக நின்று அதனை மீண்டும் அரங்கேற்றினார். அவருக்கு அதன் கைப்பிரதியைப் பரிசளித்தவர் யார் தெரியுமா? அவருடைய பாட்டியார்! ஏடு இருந்தது, ஆகவே ஒரு பேரன் எடுத்து நடத்த முடிந்தது.

நம் பாட்டிமாரின் தாலாட்டும் நலுங்கும் கும்மியும் எந்த ஏட்டில் உள்ளன? நம் பிள்ளைகள் வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ்ப்பாட்டு அவர்கள் செவியில் விழுவது வீட்டில்தான். அதைப் பாடும் முதியவர் இன்னும் எத்தனை நாள் நம்மோடு இருப்பார்?

நமக்கு ஐந்து கோட்டுக் குறிப்பு வேண்டியதில்லை. கையில் கைப்பேசி இருக்கின்றது. வரும் ஞாயிறன்று அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் அமர்த்திப் பாடச் செய்து பதிந்துகொள்ளுங்கள். சொற்களைத் தமிழில் எழுதி, பாடியவர் பெயர், ஊர், எந்தச் சடங்கிற்குரியது என்பனவற்றையும் குறித்துவையுங்கள். ஒரு படியை நம் சங்கத்திற்கும் அனுப்புங்கள்.

ஊரிலுள்ள என் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்த ஊஞ்சற்பாட்டு அவருக்கு நினைவிருக்கலாம். விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன்.