பேனலுக்கு முன்னால் நிற்பது யார்?

தொழிற்சாலையில் மின் பேனல் வெடித்து ஒருவர் கருகினால் மறுநாள் நாளிதழில் நாலு வரி வரும். "மின்கசிவால் விபத்து, ஒப்பந்தத் தொழிலாளி பலி." இந்தத் தலைப்பில் மின்கசிவு என்பது பொய். விபத்து என்பதும் பொய். ஒப்பந்தத் தொழிலாளி என்பது மட்டும்தான் உண்மை.

நடந்ததன் பெயர் ஆர்க் ஃப்ளாஷ். ஷாக் அடிப்பது வேறு, இது வேறு. ஷாக் அடிக்க உடலில் மின்சாரம் பாய வேண்டும். ஆர்க் ஃப்ளாஷுக்கு நீங்கள் எதையும் தொட வேண்டியதே இல்லை. கையிலிருந்து ஸ்பேனர் நழுவி இரண்டு பஸ்பாருக்கு நடுவில் விழுந்தால் போதும். தூசியும் ஈரமும் படிந்தால் போதும், எலி புகுந்தால் போதும், பழைய பிரேக்கரை இழுக்கும்போது காண்டாக்ட் சரியாக விலகாவிட்டால் போதும். இரண்டு கடத்திகளுக்கு இடையிலுள்ள காற்றே கடத்தியாகிவிடும். அந்த இடத்தின் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரிதான். செம்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிறது. அந்த ஆவி விரியும் வேகத்தில் பேனல் கதவு பறக்கிறது, காது கிழிகிறது, உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

இது யாருக்கும் தெரியாத ஆபத்தா? இல்லை. ரால்ஃப் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர் 1982லேயே, மின்சாரத்தின் "இன்னொரு ஆபத்து" என்று இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஐஇஇஇ 1584 என்ற கணக்கீட்டு வழிகாட்டி 2002இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. ஒரு பேனலுக்கு முன் நிற்பவரின் தோலில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கலோரி வெப்பம் விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 1.2 கலோரி விழுந்தால் வெறும் தோலில் கொப்புளம் கிளம்பும் இரண்டாம் நிலைத் தீக்காயம். அதற்கு மேல் 4, 8, 25, 40 கலோரி தாங்கும் உடைகள் என்று நான்கு வகைகளை அமெரிக்காவின் என்எஃப்பிஏ 70இ தரநிலை சொல்கிறது. 40 கலோரிக்கான உடை, தலையையும் முகத்தையும் முழுக்க மூடும் கவசத்தோடு வரும்.

கலோரி கணக்கு வரை முன்கூட்டியே தெரிந்த ஒன்று நடந்தால் அதை விபத்து என்று எப்படிச் சொல்வது?

எங்களிடம் ஆர்க் ஃப்ளாஷ் மதிப்பீடு இருக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் சொல்லும். உண்மைதான். கன்சல்டன்ட் வந்து, மென்பொருளில் கணக்குப் போட்டு, தடியான அறிக்கை கொடுத்து, பேனலில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார். நான் கேட்பது அந்தக் கணக்கு யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது என்பதுதான்.

முதலில் தூரம். சாதாரண லோ வோல்டேஜ் பேனலுக்கு, வேலை செய்பவரின் முகமும் மார்பும் 455 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். "உள்ளே தலையை விட்டு டார்ச் அடிச்சுப் பாருடா" என்று சொல்லப்படும் ஹெல்பருக்கு எங்கே 455 மில்லிமீட்டர்? தூரம் குறையக் குறைய வெப்பம் தாறுமாறாக ஏறும். அறிக்கையில் இருக்கும் எண் அவருடைய எண் அல்ல.

அடுத்தது நேரம். பிரேக்கர் எவ்வளவு சீக்கிரம் ட்ரிப் ஆகிறதோ அவ்வளவு குறைவாக வெப்பம் விழும். 0.1 நொடியில் துண்டிக்க வேண்டியது 0.5 நொடி எடுத்தால் வெப்பம் ஐந்து மடங்கு. உற்பத்தி நிற்கக் கூடாது என்று ரிலே செட்டிங்கை யாராவது ஒரு நாள் ஏற்றி வைத்தால் போதும், பேனலில் ஒட்டிய ஸ்டிக்கர் அன்றே பொய்யாகிவிடும். ஸ்டிக்கர் மாறாது. நிற்பவரின் விதி மாறிவிடும்.

மூன்றாவது, தப்பி ஓடுவது. துண்டிப்பு தாமதமானால், ஆள் இரண்டு நொடிக்குள் விலகிவிடுவார் என்ற அனுமானத்தோடு கணக்கை அங்கே நிறுத்துவது வழக்கம். விலக வழியில்லாத இடத்தில் இந்த அனுமானம் செல்லாது என்பதும் அந்த வழிகாட்டியிலேயே இருக்கிறது. நம் ஊரில் பேனல் ரூம்தானே ஸ்டோர் ரூம்! அட்டைப்பெட்டி, பழைய மோட்டார், கேபிள் சுருள் எல்லாம் வழியை அடைத்துக் கிடக்க, அவர் எந்த வழியாக இரண்டு நொடியில் ஓடுவார்?

கடைசியாக உடை. கவச உடை ஒன்றோ இரண்டோ வாங்கி அலமாரியில் வைத்திருப்பார்கள். அது நிரந்தரப் பொறியாளரின் அளவுக்கு, அவருடைய பெயரில், ஆடிட்டர் வரும் நாளுக்கு. ஹெல்பருக்குக் கான்ட்ராக்டர் கொடுத்தது பாலியஸ்டர் டிஷர்ட். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் அதைத் தோலோடுதான் பிரித்தெடுக்க வேண்டும்.

இங்கேதான் "மின்சாரத்துக்குச் சாதி தெரியுமா? எதற்கெடுத்தாலும் சாதியா?" என்ற கேள்வி வரும். தெரியாதுதான். ஆனால் வேலைக்கு ஆள் பிரிப்பவருக்குத் தெரியும். காலனியிலிருந்து வேனில் ஆள் ஏற்றி வரும் கான்ட்ராக்டருக்குத் தெரியும். நிரந்தர வேலைக்கான நேர்காணலில் "எந்த ஊர், ஊர்லயே எந்தப் பக்கம்?" என்று கேட்பவருக்கு நன்றாகவே தெரியும். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வை மாணவத் தோழர்கள் தேடிப் படியுங்கள். ஒரே தகுதியோடு தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியபோது, தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. தனியார் துறையில் இட ஒதுக்கீடும் இல்லை. நிரந்தர வேலையின் கதவு இப்படி மூடினால், ஐடிஐ முடித்த நம் பையன்கள் கான்ட்ராக்டரின் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பின்வாசலில் நுழைபவருக்குக் கவசம் கிடையாது.

"அப்படியானால் எரிந்தவர்களில் தலித்துகள் எத்தனை பேர்? புள்ளிவிவரம் காட்டு" என்பார்கள். இல்லை. அந்த இல்லாமையே என் குற்றச்சாட்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் என்று ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்குக் காட்டுகிறது. அதில் ஆர்க் ஃப்ளாஷ் என்று தனிப் பிரிவு இல்லை. இறந்தவர் எந்தச் சாதி என்ற பத்தியும் இல்லை. எண்ணாத சாவுக்கு யார் பதில் சொல்வது?

மலக்குழியை நினைத்துப் பாருங்கள். உள்ளே விஷவாயு இருக்கும் என்பது தெரியும். என்ன உபகரணம் வேண்டும் என்பது 2013 சட்டத்தின் விதிகளில் எழுதியிருக்கிறது. ஆனாலும் ஆளை இறக்குகிறார்கள், செத்த பிறகு "எதிர்பாராத விபத்து" என்கிறார்கள். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போன்ற இயக்கங்கள் ஒவ்வொரு பெயராக எண்ணி, எழுதி, வழக்குப் போட்ட பிறகுதான் உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023இல் அது 30 லட்சமானது. எண்ணியதால் கிடைத்த நீதி அது. பேனல் ரூம் சாவுகளை நாம் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

மின்சாரம் பொறியாளர்களின் விஷயம், நமக்கென்ன என்று ஒதுங்குபவர்களுக்கு ஒன்று. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையையும் மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். வாரம் 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944இல் அமைந்ததும் அவர் காலத்தில்தான். மின்சாரத்தையும் உழைப்பவரின் உடலையும் அவர் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார். நாம் ஏன் பிரித்துப் பார்க்கிறோம்?

என்ன கேட்க வேண்டும்?

முதல் கோரிக்கை கவச உடை அல்ல, மின்சாரத்தை நிறுத்துவது. சப்ளையை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பாக்கெட்டில் வைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். கவசம் கடைசித் தடுப்பு மட்டுமே. "லைன்லயே பார்த்துடு" என்று உத்தரவிடுபவர் அதை எழுத்தில், கையெழுத்தோடு தரட்டும்.

மதிப்பீட்டு அறிக்கை தமிழில் வேண்டும். ஸ்டிக்கரும் தமிழில் வேண்டும். ரிலே செட்டிங் மாறினால் மதிப்பீடும் மாற வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே கவசம். தன் பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் ஒப்புக்கொள்கிறது. அதே சட்டத்தொகுப்பு, ஐம்பது பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கான்ட்ராக்டரை ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலிருந்து வெளியே விடுகிறது. இதை நாம் எதிர்க்க வேண்டும். நாற்பது பேர் எரிந்தாலும் எரிவதுதானே!

சட்டம் படிக்கும் தோழர்களே, இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையில் முகம் மிகக் கடுமையாகச் சிதைவது 100 சதவீத இழப்பு. இது தெரியாமல், கான்ட்ராக்டர் கொடுக்கும் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாளில் கைநாட்டு வைக்கும் குடும்பங்களை நான் வேலையில் சந்திக்கிறேன். கான்ட்ராக்டர் காணாமல் போனாலும் முதன்மை முதலாளியிடம் கேட்க முடியும் என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. போய்ச் சொல்லுங்கள். மின் பொறியியல் படிக்கும் தோழர்களே, உங்கள் மாவட்டத்தில் நடந்த மின் விபத்துகளின் அறிக்கைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கணக்கை நீங்களே திரும்பப் போடுங்கள். தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, உடையில் என்ன இருந்தது, நின்றவர் யார் என்று நான்கு பத்திகள் போட்டு எழுதுங்கள்.

அவர்கள் முதல் மூன்றோடு நிறுத்துவார்கள். நான்காவதை எழுதுவது நம் வேலை.