லிந்துலையில் விழும் மழையும் புறாமலையின் முருகைக்கற்களும்

லிந்துலையின் தேயிலை மலைகளில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வரும் ஆக்ரா ஓயாவில் கலந்து, தலவாக்கலையைக் கடந்து, கொத்மலை ஓயாவாகி, மகாவலி கங்கையோடு இணைந்து, 335 கிலோமீற்றர் நீளமான அந்நதியின் முடிவில், மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் அது கடலை அடைகிறது. அக்குடாவுக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தொலைவில் அமைந்திருப்பதுதான் புறாமலைத் தீவு. மலையக மக்களுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு இந்த நதியே முதற் பதிலாகும்.

இரண்டாவது பதிலை விடுமுறைக் காலங்களில் காணலாம். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், தோட்டப்புறங்களிலிருந்து குடும்பங்கள் பணம் சேர்த்து வாடகை பஸ்ஸில் திருகோணமலைக்குப் புறப்படுகின்றன. கோணேஸ்வரத்தைத் தரிசித்து, கன்னியா வெந்நீரூற்றில் நீராடி, நிலாவெளியில் படகேறுவது பலருடைய பயணத் திட்டமாகும். பெருநாள் விடுமுறையில் முஸ்லிம் குடும்பங்களும் இவ்வாறே அங்கு திரளுகின்றன. யுத்த காலத்தில் எட்டாத கனவாக இருந்த இப்பயணம், 2009 இன் பின்னர் சாதாரண மக்களுக்கும் கைகூடியது. அது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆனால், அம்மாற்றத்தின் சுமையை அந்தச் சிறு தீவைச் சூழவுள்ள முருகைக்கற் பாறைகள் தாங்குகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை.

புறாமலை 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. மாடப் புறாக்கள் வாழ்வதால் அப்பெயர் பெற்ற இத்தீவைச் சூழ்ந்துள்ள ஆழம் குறைந்த கடலில் சுமார் நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் பதிவாகியுள்ளன. உலகளாவிய கடல் வெப்ப உயர்வினால் 1998 இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலும் முருகைகள் பேரளவில் வெளிறி மடிந்தபோது, திருகோணமலைப் பகுதி பெருமளவு தப்பியது. ஆகவே எஞ்சியதைக் காப்பது மற்றெல்லா இடங்களையும் விட இங்கே முக்கியமானதாகிறது.

சுழியோடுதல் நமக்குப் புதியதன்று. மன்னார் முத்துச் சலாபத்தில், கல் கட்டிய கயிற்றைப் பற்றி மூச்சடக்கி இறங்கிய தமிழரும் முஸ்லிம்களும் பல நூற்றாண்டுகளாக அத்தொழிலைச் செய்தனர். 1344 இல் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் கண்ட முத்துக்களைப் பற்றி எழுதியுள்ளார். 1943 இல் பிரான்ஸில் குஸ்தோவும் கன்யானும் உருவாக்கிய சுவாசக் கருவி, காற்றை முதுகிற் சுமந்து நீருக்கடியில் தங்கும் வசதியை மனிதனுக்கு அளித்தது. அக்கருவியுடன் 1956 இல் திருகோணமலைக் கடலில் இறங்கிய ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும், 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளை நீருக்கடியில் கண்டனர். 1961 இல் தென்கிழக்குக் கடலில் ஒரு பாறைத் தொடருக்கருகே வில்சன் குழுவினர் கண்டெடுத்தவை, மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி நாணயங்களாகும். இந்நாட்டு மக்களின் சமய வரலாறும் வணிக வரலாறும் கடலடியிலும் கிடக்கின்றன என்பதற்கு இவை சான்றுகள்.

முருகைக்கல் என்பது பெயரில்தான் கல். அது சின்னஞ்சிறு பிராணிகள் கூடிக் கட்டிய குடியிருப்பு. கிளை விடும் வகைகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளரும். திரண்ட பாறை வகைகளோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரையே எட்டும். நீந்தத் தெரியாத ஒருவர் களைத்துப்போய் ஒரு கணம் அதன்மேற் காலூன்றினால், பல்லாண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். ஆழ்கடற் பாறைகளுக்கு இந்த ஆபத்து குறைவு. இடுப்பளவு நீரில் உள்ள பாறைக்கோ ஒவ்வொரு பாதமும் பகையாகிறது. படகுகளின் நங்கூரங்களும் கைவிடப்பட்ட வலைகளும் செய்யும் சேதம் வேறு.

எனினும் பழி முழுவதையும் உல்லாசப் பயணிகள் மீது சுமத்துவது நியாயமாகாது. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்து, கடலை முதன்முறையாகக் காணும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு, காலடியில் இருப்பது உயிருள்ளது என்பதை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லையெனில் தவறு யாருடையது? நுழைவுச்சீட்டு வழங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. படகேறு முன்னர் பத்து நிமிட விளக்கம், அவரவர் தாய்மொழியில் அளிக்கப்பட வேண்டும்.

இதில் உயிராபத்தும் அடங்கியுள்ளது. ஆழம் குறைந்த இடமென்றால் ஆபத்தில்லை என்று பலர் கருதுகின்றனர். உண்மையோ வேறு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப் போல் இருமடங்காகும். அங்கே சிலிண்டரிலிருந்து காற்றைச் சுவாசித்தவர், அச்சத்தில் மூச்சை அடக்கியவாறு விரைந்து மேலெழுந்தால், நுரையீரலுள் அக்காற்று இருமடங்காக விரிய முற்பட்டு உயிரையே குடிக்கக்கூடும். இதைவிடக் குறைந்த ஆழத்திலும் இவ்விபத்து நிகழலாம். கடலட்டையும் சங்கும் தேடி ஆழத்தில் நெடுநேரம் தங்கி, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் இறங்கும் தமிழ், முஸ்லிம் மீனவ இளைஞர்கள் மூட்டு வலிக்கும் பக்கவாதத்துக்கும் ஆளாவதும் இத்தொழிலின் கசப்பான உண்மையாகும். வெளிநாட்டுப் பயணிக்குப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கும் நாம், வயிற்றுப்பாட்டுக்காக இறங்கும் நமது பிள்ளைகளுக்கும் அப்பயிற்சியை உறுதி செய்ய வேண்டாமா?

மலையகத்துக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. சரிவுகளில் மண் கழுவிச் செல்லப்படுவதால் ஓயாக்கள் கலங்கி ஓடுகின்றன. அம்மண்ணின் பெரும்பகுதி கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல முதலான நீர்த்தேக்கங்களில் படிந்துவிடுவதால், புறாமலைப் பாறைகளை நமது மண்ணே மூடுகிறது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் கலங்கிய நீர் முருகைக்கு எதிரி என்பது பொது விதி. மண்ணைக் காப்பது முதலில் தேயிலையையும் நீர்த்தேக்கத்தையும் காக்கும். நதி சென்றடையும் கடலுக்கும் அது நன்மையே.

எனவே, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒரு நாளில் தீவுக்குச் செல்வோரின் தொகைக்கு வரம்பு விதித்து, அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். பாறை மீது கால் பதியாதவாறு மிதவைக் கயிறுகளால் வழி குறிக்கப்பட வேண்டும். படகுகள் நங்கூரமிடாமல் கட்டப்படுவதற்கு நிலையான மிதவைகள் தேவை. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் இளைஞர்களுக்குச் சுழியோடிப் பயிற்சியும் வழிகாட்டி அனுமதியும் வழங்கப்படுமானால், பாறையைக் காப்பதே அவர்களின் வருமானமாகும். ஹோட்டல் வேலை தேடிக் கரையோரம் செல்லும் மலையக இளைஞருக்கும் அவ்வாய்ப்பு திறந்திருக்க வேண்டும். பாடசாலைகள் சுற்றுலா ஏற்பாடு செய்யும்போது, உணவுக்கும் உறைவிடத்துக்கும் திட்டமிடுவதைப் போன்று, கடலில் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் மாணவருக்குக் கற்பித்தல் அவசியம்.

2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் முருகை வெளிறல் அறிவிக்கப்பட்டது. கடல் சூடாவதை நாம் தனித்து நின்று தடுக்க இயலாது. ஆனால், நமது பாதங்களை நாம் தடுக்கலாம். வெப்பத்தால் களைத்த முருகைக்கு மீண்டெழச் சில ஆண்டுகள் அமைதி கிடைத்தாற்கூட அது பெரும் உதவியாகும். லிந்துலையிலிருந்து இன்று பஸ்ஸேறும் சிறுவன், நாளை தன் பிள்ளையை அழைத்துச் செல்லும்போதும் அங்கே உயிருள்ள முருகைகள் இருக்க வேண்டும். அதற்கான முடிவை அதிகாரிகளும் பயணிகளும் இப்போதே எடுக்க வேண்டும்.