காட்டு பங்களாவில் யார் தூங்குவது?

பிச்சாவரம் கடலூர்க்காரருக்கும் சிதம்பரத்துக்காரருக்கும் தெரியாத இடமல்ல. லீவு நாளில் பஸ் ஏறிப் போய், பிள்ளைகளோடு படகில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகிறோம். அந்தக் காட்டோரம் ஓர் இரவு தங்கலாமே என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது? காட்டில் தங்குவது பெரிய மனிதர் காரியம் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்!

இந்த எண்ணம் தானாக முளைத்ததல்ல. 1882-ல் வெள்ளைக்கார சர்க்கார் சென்னை ராஜதானிக்கு வனச் சட்டம் கொண்டுவந்தது. விறகும் தழையும் எடுத்துப் பிழைத்த ஜனங்கள் ஒரே நாளில் 'அத்துமீறியவர்கள்' ஆனார்கள். காட்டுக்குள்ளே துரைமார் கேம்ப் போட ஓய்வு விடுதிகள் எழுந்தன. துரை உள்ளே தூங்கினார்; மூட்டை சுமந்த மலைவாசி வெளியே கிடந்தான்.

துரை போய்விட்டார். இப்போது டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் வனத்துறை விடுதிகளைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் வாடகை, ரயில், ஜீப், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது; கரும்பு வெட்டுகிறவன் அதற்குள் நுழைய முடியுமா?

"சோற்றுக்கே வழியைக் காணோம், காட்டுக் குடில் ஒரு கேடா?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: ஓய்வும் கூலியைப் போலப் போராடிப் பெற்றதுதான். 1936-ல் பிரான்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு 2 வாரம் லீவு கிடைத்தது. லீவில் ஊர் பார்க்கப் போக ரயில் டிக்கட்டில் 100-க்கு 40 தள்ளுபடியும் கிடைத்தது. அவ்வருஷம்தான் அங்கே பல தொழிலாளிகள் முதன்முதலாகக் கடலைக் கண்டார்கள்! சோவியத் நாட்டில் ஜார் மன்னனின் லிவாடியா அரண்மனை 1925-ல் விவசாயிகளின் ஆரோக்கிய விடுதியாயிற்று. முதலாளிகளின் அமெரிக்காவிலும் காட்டுக் காவலர்களின் பழைய மரக்குடில்களை வனத்துறை வாடகைக்கு விடுகிறது. பலவற்றில் கரண்டும் கிடையாது, குழாயும் கிடையாது. தண்ணீரும் படுக்கையும் நாமே கொண்டுபோக வேண்டும். 1933 முதல் 1942 வரை நடந்த சர்க்கார் திட்டத்தில், வேலையில்லாத வாலிபர்கள் கட்டிய குடில்களும் அவற்றில் உண்டு. அவர்கள் மாதக்கூலி 30 டாலர். அதில் சுமார் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும்.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பள லீவு என்று எழுதி வைத்தது. அந்த லீவும் கல்யாணத்துக்கும் கருமாதிக்குமே போதவில்லை. நடவு நடும் பெண்ணுக்கோ லீவு என்றால் அன்று அடுப்பு எரியாது என்று அர்த்தம்.

பிச்சாவரத்துக்கே திரும்புவோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீரில் நிற்கும் காடு அது. சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை எல்லாம் அங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் இந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

இந்தக் காட்டை அழித்தது யார்? விறகு பொறுக்கியவன், மாடு மேய்த்தவன் என்று வெகுகாலம் பழி சொன்னார்கள். உண்மை வேறு. 1970-கள் வரை, கூப்பு போட்டு வரிசை வரிசையாக வெட்டித் தள்ளியது காட்டிலாகாவேதான். மரம் போன இடத்தில் வெயில் பட்டுத் தரை இறங்கிற்று. ஏறிய கடல் தண்ணீர் வடியாமல் தேங்கி, உப்பு மிஞ்சி, கன்று பிழைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதைக் கண்டு சொன்னார்கள். 1990-களில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டதும் கன்றுகள் பிடித்தன. அதில் கிராம ஜனங்களும் கூடி உழைத்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் ஏறி உலகப் புகழும் பெற்றது.

அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். அவர்கள் குடிசையும் காட்டோரக் குடிசைதான்! பட்டணத்துக்காரர் 2 நாள் தங்கினால் அது 'இயற்கையோடு வாழ்வது'. இருளர் தலைமுறையாக வாழ்ந்தால் பட்டா எங்கே, சான்று எங்கே என்று கேள்வி! வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31 முதல் அமுலில் இருக்கிறது. காட்டை நம்பி வாழும் பழங்குடியின் குடியிருப்பையும் மீன்பிடிப்பையும் அது உரிமை என்றே சொல்கிறது. அதைத்தான் முதலில் அமுல் செய்ய வேண்டும்.

அப்புறம் விடுதி கட்டட்டும். சலவைக்கல் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். ஓலைக் கூரை, பாய், குடிதண்ணீர், பெண்களுக்குத் தனிக் கக்கூஸ், இவ்வளவு போதும். குத்தகைக்காரனிடம் விடாமல், இருளரும் படகோட்டிகளும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். ஆலைத் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் எழுதிக் கேட்டால் இடம் ஒதுக்க வேண்டும். ஓர் இரவு வாடகை, விவசாயத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாது.