முதலில் பிரேக், பிறகு வேகம்

மாசாயில் இருக்கும் அக்காள் மகன் போன வாரம் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காடியோடு வந்து நின்றான். “மாமா, இதுல இவோ எஞ்சின் போடப் போறேன். ஹாஃப்கட் பார்த்தாச்சு!”

1998-இல் அறிமுகமான காடி. லோட்டஸ் மெருகேற்றியது. 1.8 லிட்டர், சுமார் 140 குதிரைத்திறன். ‘இவோ 3’ எஞ்சினோ 2 லிட்டர் டர்போ, 270 குதிரைத்திறன். இரண்டுமே மிட்சுபிஷி வம்சம்தான். கைதேர்ந்த பட்டறைக்காரர் பொருத்திவிடுவார்.

“பிரேக், கியர்பாக்ஸ், ரேடியேட்டர்?” என்றேன்.

“அதெல்லாம் அடுத்த போனஸ்ல மாமா.”

அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஏறக்குறைய இரு மடங்கு சக்தி. நிறுத்துவதோ அதே பழைய பிரேக். வாரம் தவறாமல் அக்காளைக் கோயிலுக்கு ஏற்றிப் போகும் காடி அது.

எஞ்சினை மாற்ற ஜேபிஜே அனுமதி வேண்டும், புஸ்பாகோம் சோதனை வேண்டும், கிராண்டில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். மறைத்தால், விபத்து நேரும்போது இழப்பீடு சிக்கலாகும்.

“முதல்ல அனுமதி, அப்புறம் பிரேக், கடைசியில எஞ்சின். வரிசையை மாத்தாதே” என்றேன்.

முகம் சுருங்கியது. ஆனால், கிளம்பும்போது கேட்டான்: “நல்ல பிரேக் செட் என்ன விலை மாமா?”