எண்ணூர்க் கழியில் ஒரு படகு

பறவை பார்ப்பது யாருடைய பொழுதுபோக்கு? கார் வைத்திருப்பவர், விலையுயர்ந்த பைனாகுலர் வாங்க வல்லவர், விடுமுறையில் வேடந்தாங்கல் செல்பவர் ஆகியோருடையது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்தவனுக்குப் புகைபோக்கியும் கண்டெய்னர் லாரியும் போதும் போலும்!

நண்பர்களே, நீர் வற்றிச் சேறு வெளிப்படும் காலை வேளையில் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அங்கே நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் கூடுகின்றன. குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து பறந்துவரும் உள்ளான்கள் சேற்றைக் கிளறி இரை தேடுகின்றன. சென்ற மார்கழியில் இரவல் பைனாகுலரோடு நானும் நின்றேன். காவலாளி ஒருவர் வந்து, "இங்கே உனக்கென்னப்பா வேலை?" என்றார். கொக்கு பார்க்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

2020 மே 25 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில், கிறிஸ்டியன் கூப்பர் என்னும் கறுப்பினப் பறவை ஆர்வலர், நாயைச் சங்கிலியில் பிடிக்கும்படி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் சொன்னார். கறுப்பர் ஒருவர் தன்னை மிரட்டுவதாக அவர் போலீசுக்குப் போன் செய்தார். சில நாட்களுக்குள் கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் தங்களுக்கென ஒரு வாரமே கொண்டாடினர். அவர்கள் பட்டதும் நாம் படுவதும் ஒன்றல்ல. எனினும் 'உனக்கென்ன வேலை?' என்ற கேள்வி மட்டும் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

நமக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். அது படகில் நடக்க வேண்டும், மீனவர் தலைமையில் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. கரையில் பாதி இடம் மதில்சுவர். கழியில் எங்கே ஆழம், எங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து முழங்கால் அளவாகிவிட்டது என்பதைக் காட்டுக்குப்பத்துப் பெரியவர்களைவிட அறிந்தவர் யார்? பறவை எழுந்து பறக்காமல் அருகே செல்லவும் அவர்களுக்கே கை வரும்.

ஆபத்தல்லவா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். மிதவை உடுப்பு அணிந்தால் போதும். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றுண்டு. பறவை பறவை என்று நாம் பேசப் பேச, 'இங்கே வலை வீசாதே' என்று நாளை ஒரு சட்டம் வந்துவிட்டால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியெங்கும் பரவியது. எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாவின் படத்தைக் கண்டு கலங்கியவர் பலர். கறுத்துப்போன வலைக்காகக் கலங்கியவர் எத்தனை பேர்? குப்பத்தாரைக் கரையில் நிறுத்திவிட்டுப் பறவையை மட்டும் பார்க்கப் போகும் படகில் நான் ஏறமாட்டேன்.

மாதம் ஒருமுறை சென்று, கண்ட பறவைகளை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வருவோம். 'அது வெறும் கழிவுநீர்தானே' என்று யாராவது சொல்லும்போது அந்த நோட்டை அவர் முன் விரித்து வைக்கலாம்.

படகுக்கு ஆறு பேர். படகோட்டிக்கு அன்றைய மீன்பாட்டுக்கு ஈடான கூலி. வரும் கார்த்திகையில் விலங்கியல் துறை முன்வருமானால் முதல் பெயர் என்னுடையது. பைனாகுலரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.