மூலநிரல் ஒரு தாயத்தா?

‘லினக்சின் மூலநிரல் திறந்து கிடக்கிறது; ஆகவே அது நம்பத்தகுந்தது’ என்னும் வாசகத்தைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் பலர் தாயத்துபோல் கட்டிக்கொண்டு திரிகின்றனர். யூனிக்சின் கர்த்தாக்களுள் ஒருவரான கென் தாம்சன், 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையிலேயே இந்தத் தாயத்தை அறுத்தெறிந்துவிட்டார். மூலநிரலில் சுவடே இல்லாத கள்ளவாசலை, அந்நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரே நுழைத்துவிட முடியும் என்று காட்டினார். நாம் வாசித்த பிரதியும் கணினி இயக்கும் பிரதியும் ஒன்றுதானா? ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த மரபில் வந்த நமக்கு இது புதிய கேள்வியன்று.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் வழங்கப்பட்டது. இரண்டில் எது சிறந்தது என்று ஓயாமல் வழக்காடினோம். பொத்தானை அழுத்துவதற்கும் முகப்புத்திரை தோன்றுவதற்கும் இடைப்பட்ட நொடிகளில் யார் யாருக்குச் சாட்சி சொல்கிறார்கள் என்று கேட்டவர்கள் அரிது.

இன்றைய கணினிகளில், ‘செக்யூர் பூட்’ இயங்கும்போது, தாய்ப்பலகையின் நிரல் முதலில் ‘ஷிம்’ என்னும் சிறுநிரலின் கையொப்பத்தைச் சோதிக்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்டின் ஒப்பம். ஷிம், ‘கிரப்’பைச் சோதிக்கும், அடுத்துக் கெர்னல் சோதிக்கப்படும். அதன்பின் வரும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் தொகுப்பைப் பல லினக்சு வெளியீடுகளில் யாரும் சோதிப்பதில்லை. குறியாக்கம் செய்த வட்டின் கடவுச்சொல்லை நம்மிடம் கேட்பதோ அந்தத் தொகுப்புதான்! கணினி சில நிமிடங்கள் அந்நியர் கையில் சிக்கினால் அதை மாற்றி வைத்துவிடலாம்.

சங்கிலியை நம்பும் முறையை மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துக் கற்கலாம். பாத்திக்குப் பாத்தி நீரின் செறிவு ஏறுகிறது. ஏறத்தாழ 25 பாமே பாகையில் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கும் முன் எஞ்சிய நீரை வெளியேற்றாவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கைக்கும். முதல் பாத்தியில் சரியாக இருந்தது என்பது கடைசிப் பாத்திக்குச் சான்றாகாது.

‘செக்யூர் பூட்டை அணைத்துவிடு’ என்பார் சிலர். அது மடையையே உடைப்பது. அப்படியே விட்டுவிடுவோர்க்கும் நிம்மதியில்லை. 2020இல் கிரப்பிலேயே ‘பூட்ஹோல்’ என்னும் ஓட்டை கண்டறியப்பட்டது. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பால், இரு இயங்குதளங்களும் கொண்ட கணினிகள் பலவற்றில் லினக்சு துவங்க மறுத்தது. சாவி பிறர் கையில் இருப்பதன் பொருள் இதுவே.

வழி உண்டு. பெரும்பாலான தனிக்கணினிகளில் நம் சொந்தச் சாவியைப் பதியலாம். கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் ஒரே கோப்பாக்கி ஒப்பமிடலாம். துவக்கத்தின் ஒவ்வொரு படியையும் டிபிஎம் சில்லில் அளந்து பதியச் செய்யலாம். இவை கடினம்தான். ஆனால் சுதந்திரம் பேசும் லினக்சு வெளியீடுகள் இவற்றை இயல்பிருப்பாகத் தராமல், வல்லுநர்களின் பொழுதுபோக்காக விட்டுவைத்திருப்பதற்கு அது சமாதானமாகாது. சோதிக்கும் உரிமை எளியவர்க்கும் கைகூடும்வரை, திறந்த மூலநிரல் என்பது பாதி வாக்குறுதியே.