பெயர்ப்பலகைக்குக் கீழே இன்னும் இரண்டு வரி

பரமேஸ்வராச் சந்தியில இறங்கி இராமநாதன் வீதியால கம்பஸுக்கு நடந்து வாற ஆக்களிட்ட, "ஆர் இந்த இராமநாதன்?" எண்டு கேட்டுப் பாருங்கோ. "ஆரோ பெரிய ஆள், சேர் பட்டம் எடுத்தவர்" எண்டதோட கதை முடிஞ்சிடும். முதலாம் வருசம் முழுக்க நானும் அப்பிடித்தான். ஓட்டோக்காரருக்கு வழி சொல்லவும் போடிங் தேடவும் மட்டும்தான் எனக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் சும்மா பேருக்குக் கொடுத்த ஆள் இல்லை. 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை ஆரம்பித்தார். அந்தக் கல்லூரி வளாகத்தில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. இண்டைக்கு நாங்கள் விரிவுரைக்கு ஓடுற நிலமே அவர் விட்டுப்போனதுதான். அப்பிடிப்பட்டவருக்கு ஒரு வீதியின் பெயர் பெரிய காரியமில்லை.

ஆனால் அதே மனிதர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர். டொனமூர் ஆணைக்குழு வளர்ந்த எல்லாருக்கும் வாக்கு எண்டு சிபாரிசு செய்தபோது, தள்ளாத வயதிலும் அதற்கு எதிராக நின்றார். பெண்களிட்டயும், படிப்பும் சொத்தும் இல்லாதவர்களிட்டயும், ஒடுக்கப்பட்ட சாதியினரிட்டயும் வாக்குப் போவதை அவர் விரும்பவில்லை. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய கைதான் அவர்களுக்கு வாக்கு வேண்டாம் எண்டும் எழுதியது.

உடனே ஒரு பதில் வரும்: "அது அந்தக் காலம் தம்பி." அந்தக் காலத்திலதான் ஏ. ஈ. குணசிங்க தொழிலாளருக்கு வாக்கு கேட்டார். அந்தக் காலத்திலதான் பெண்கள் சங்கம் அமைத்து ஆணைக்குழு முன்னால போய்ப் பேசினார்கள். இராமநாதன் 1930இல் இறந்தார். 1931இல் எல்லாருக்கும் வாக்கு வந்தது. 1932இல் நேசம் சரவணமுத்து எண்ட தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். ஆகவே காலத்தின் மேல மட்டும் பழியைப் போடேலாது.

நியாயமாகச் சொன்னால், இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் போனால் பெரும்பான்மையின் எண்ணிக்கைக்குள்ள தமிழர் அமுங்கிப் போவார்கள் எண்ட பயம். அது வெறும் கற்பனை இல்லையெண்டு பிறகு கண்டோம். ஆனால் அந்தப் பயத்துக்குள்ள எங்கட ஆக்களிலேயே பாதிக்கு மேல வெளியில நிறுத்தப்பட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும்.

அப்ப பெயரை மாத்துவமா? வேண்டாம். மாத்தினால் அவர் கொடுத்ததும் மறக்கும், மறுத்ததும் மறக்கும். இன்னொரு பெரியவரின் பெயர் வரும், அவரையும் ஆரெண்டு தெரியாமல் நடப்பம்.

எனக்கு வேண்டியது பலகைக்குக் கீழே இரண்டு வரி: "இங்கு 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவியவர். சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்." அவ்வளவுதான். கும்பிடுறவர் கும்பிடட்டும், கேள்வி கேக்கிறவர் கேக்கட்டும்.

இது பழைய கதை மட்டும் இல்லை. இண்டைக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமோ, கோயிலுக்குக் கோபுரமோ, ஊருக்குத் தண்ணித் தாங்கியோ கட்டிக் குடுத்தவரின் பெயரை ஒழுங்கைக்கோ வீதிக்கோ வைக்கச் சொல்லிப் பிரதேச சபைக்குக் கடிதம் போகுது. நன்றி சொல்லத்தான் வேணும். ஆனால் கூட்டத்தில ஒரு கேள்வியாவது வரட்டும்: அந்தக் கோயிலுக்குள்ள எல்லாரும் போகலாமா? அந்தத் தண்ணியை எல்லாரும் அள்ளலாமா? "ஓம்" எண்டால் சந்தோசமாய்ப் பெயரை வைப்பம். "இல்லை" எண்டால் அதையும் பலகையில எழுதுவம்.

இராமநாதன் வீதியால ஒவ்வொரு நாளும் வளாகத்துக்குள்ள வாறவர்களில் பெண்பிள்ளைகள் இருக்கினம், மலையகத்துத் தோட்டங்களில இருந்து வந்தவை இருக்கினம், அவர் காலத்தில கோயில் வாசலோட நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கினம். எல்லாரிட்டயும் வாக்கு இருக்கு. அவர் தந்த நிலத்தில, அவர் தர மறுத்த உரிமையோட நடக்கிறம். ரெண்டையும் தெரிஞ்சுகொண்டு நடப்பம்.